வயலும் மலையும் நீர்வண்ணத்தில்: நாட்குறிப்பு எழுதுவோருக்கு 20 குறிப்புகள்

எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர் பற்றிய தம் கட்டுரைகளுக்குத் தாமே படமும் வரைந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி அவர் மறைந்த ஆண்டு வரை வந்தது. இங்கிலாந்தில் ஈடித் ஹோல்டன் என்ற பெண்மணி 1906ஆம் ஆண்டு தம் ஊர்ப்புறத்தில் பூத்ததையும் பறந்ததையும் நீர்வண்ணத்தில் தீட்டி, பக்கத்திலேயே தேதியோடு எழுதி வைத்தார். அது புத்தகமாக வந்தது 1977இல். இருவரிடத்திலும் படமும் எழுத்தும் ஒரே கையிலிருந்து வந்தன. ஊருக்குப் போகும்போதும், மலையில் கூடாரம் அடித்துத் தங்கும்போதும் நாமும் அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். ஓவியம் கற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்த்ததை அங்கேயே உட்கார்ந்து பதிய வேண்டும், படம் சொல்லாததை எழுத்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

1. நோட்டு வாங்கும்போது முதலில் தாளின் கனத்தைப் பாருங்கள். சாதாரண டிராயிங் நோட்டில் ஈரம் பட்டதும் தாள் அலையலையாக எழும்பும், பின்பக்கம் ஊறிவிடும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, லேசாகச் சொரசொரப்பான 'கோல்டு பிரெஸ்' தாள் எவ்வளவு தண்ணீரையும் தாங்கும். சுமை குறைய வேண்டும் என்றால் 200 ஜி.எஸ்.எம். போதும், தண்ணீரை அளவாக எடுத்தால் சரி. ஏ5 அளவு நோட்டு மடியில் அடங்கும். காற்றில் பக்கம் புரளாமலிருக்க இரண்டு கிளிப்புகளைக் கூடவே மாட்டி வையுங்கள்.

2. வண்ணம் உடனே உள்ளே இறங்காமலிருக்க நீர்வண்ணத் தாளில் பசை ஊட்டியிருப்பார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நாள்கணக்கில் திறந்து கிடந்தால் அந்தப் பசை வலுவிழந்து, தீட்டும் இடமெல்லாம் திட்டுத்திட்டாக ஊறும். புதுத் தாளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

3. இருபத்துநாலு வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், ஒரு பச்சை நீலம், ஒரு ரோஸ் ஆகிய ஆறு இருந்தால் நம் நிலத்தில் இல்லாத நிறம் இல்லை. கறுப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் சாம்பல் நிறத்தில் நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் பனைமரத்தின் அடி. டியூபில் அச்சிட்ட நிறமியின் எண்ணையும் படித்துப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது அசல் அலிசரின் கிரிம்சன். வெளிச்சத்தில் மங்கக்கூடியது. மூடிய நோட்டுக்குள் பல காலம் நிற்கும், சட்டம் போட்டு மாட்டினால் வெளுக்கும்.

4. டியூப் வண்ணத்தைச் சின்னக் கிண்ணங்களில் பிழிந்து காயவைத்துக்கொண்டால் பயணத்தில் டியூபே தேவையில்லை. பழைய அஞ்சறைப்பெட்டியின் கிண்ணங்கள் பெரியவை, ஆனாலும் வீட்டில் வேலை செய்ய அருமையானவை. வெளியூருக்குக் குங்குமச் சிமிழ், மாத்திரை அட்டையின் குழி எதுவும் ஆகும். ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்து வெடிக்கும். பாதி நிரப்பி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, அதன்மேல் மறுபாதி நிரப்புங்கள். வெடிக்காமலிருக்க ஒரு சொட்டுத் தேன் விடுவது பழைய வழக்கம். நம் வீடுகளில் அதற்கு எறும்பு வந்துவிடும் என்பதால் கிளிசரின் விடுவதே மேல். கலப்பதற்கு வெள்ளைப் பீங்கான் சாசர் அல்லது ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி வேண்டும். எவர்சில்வர் தட்டில் நிறம் தெரியாது.

5. ஈரத்தோடு வண்ணப் பெட்டியை மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். முகாமிலிருந்து திரும்பியதும் ஓர் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் மேல்பரப்பைப் பஞ்சால் துடைத்தெடுத்து, ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் தடவலாம்.

6. தூரிகை இரண்டு போதும்: உருண்டையில் 4ஆம் எண், 10ஆம் எண். இரண்டும் செயற்கை இழையாக இருக்கட்டும், அவை இப்போது நன்றாகவே வருகின்றன. கீரிப்பிள்ளை முடித் தூரிகையை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கீரி 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிர், அதன் முடியை விற்பது குற்றம். அந்த முடிக்காக அவற்றைக் கொல்கிறார்கள். வயலோரம் ஓடும் கீரியை வரைய அதன் முடியையே பறிப்பது எந்த விதத்திலும் தகாது.

7. தூரிகைகளைச் சிறிய கோரைப்பாய்த் துண்டில் வைத்துச் சுருட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இருக்கும், நுனி வளையாது. தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைத்தால் நுனி ஒருநாளில் கெடும். கூர்மையாக்க வாயில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் சேர்மங்கள் இருப்பதால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

8. கோட்டுக்கு ஜெல் பேனாவும் சாதாரண இங்க் பேனாவும் உதவா, தண்ணீர் பட்டதும் பெரும்பாலும் கலையும். நிறமி மை நிரப்பிய டிராயிங் பேனா காய்ந்தபின் கலையாது. கிராமத்துப் பெட்டிக்கடையில் அது கிடைக்காதே என்றால், சாதாரண பால்பாயிண்ட் பேனா வாங்குங்கள். அதன் மை எண்ணெய்க் கலப்பு, பெரும்பாலும் நீருக்கு அசையாது. பென்சில் என்றால் எச்.பி. எடுங்கள், 2பி எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக் கறையாகும்.

9. எதை வரைவது, எதை விடுவது என்று தெரியாமல் மலைப்பவர்களுக்குத் தீப்பெட்டி பெரிய துணை. உள்பெட்டியை உருவிவிட்டு, வெளிக்கூட்டின் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். களத்துமேடு, வைக்கோல்போர், பின்னால் நிற்கும் பனை எல்லாம் ஒரு சட்டத்துக்குள் வந்துவிடும். நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். அதே தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தால் படத்துக்குக் கட்டமும் ஆயிற்று. பயண நாட்களில் இந்தச் சிறு கட்டங்கள் மிகவும் பயன்படும். நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நிறுத்துகிற இடங்களில் தலா ஒரு தீப்பெட்டிப் படம், நடுவே பாம்பாக வளையும் சாலை, ஒவ்வொரு படத்துக்கும் மணியும் வளைவின் எண்ணும் என்று போட்டால் ஒரே பக்கத்தில் முழுப் பயணமும் அடங்கும்.

10. வெயில் ஏறுமுன் உட்காருங்கள். காலை 6 முதல் 8 வரை, மாலை 4 மணிக்கு மேல், நிழல் நீண்டு உருவம் தெளிவாகத் தெரியும். உச்சிவேளையில் மரத்தடியில் மட்டும் நிழல், மற்றதெல்லாம் தட்டையாகிவிடும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும். பிறகு அது எங்கே போனாலும் குறித்த கோட்டை மாற்றக் கூடாது. நம் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி மிகக் குறுகியது. விழுந்த அரைமணிக்குள் இருட்டிவிடும். அந்தி வானம் வேண்டுமென்றால் தாளை நனைத்துத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

11. சித்திரை வெயிலில் தூரிகை தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்து கோடு விழும். வானம் தீட்டுவதற்கு முன் தாளை இரண்டு தடவை வெறும் தண்ணீரால் நனையுங்கள், மேலிருந்து கீழாக நிறுத்தாமல் வாருங்கள். கலக்கும் நீரில் ஒரு சொட்டுக் கிளிசரின் சேர்த்தால் காய்வது தாமதமாகும். கொடைக்கானல், ஊட்டி போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் சங்கடம் நேர்மாறு. பனிமூட்டத்துக்குள் முதல் பூச்சே ஒரு மணி நேரம் ஈரமாகக் கிடக்கும். அங்கே ஒரே பூச்சில் முடியும் படமாகப் பாருங்கள், அல்லது நீரில் கரையும் வண்ணப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு நாம் வந்த வண்டியின் சூடான பானட்மேல் நோட்டை விரித்து வைக்கலாம். அடுப்புத் தீயருகே காட்டினால் தாள் வளைந்து, பொறி தெறித்து ஓட்டையாகும்.

12. டியூபிலிருந்து வரும் பச்சையை அப்படியே தடவினால் எந்த வயலும் நம் வயலாகத் தெரியாது. நாற்றங்காலுக்கு லெமன் யெல்லோவில் பச்சை நீலம் ஒரு துளி மட்டும். நட்டு வேர் பிடித்த பயிருக்கு இன்னும் கொஞ்சம் நீலம். பால் பிடிக்கும் பருவத்துக்கு ஓக்கர் சேர்க்க வேண்டும். முற்றிய கதிருக்கு ஓக்கரோடு பர்ன்ட் சியன்னா. பங்குனியில் துளிர்க்கும் புங்கைக்கு மஞ்சள்தான் முக்கால் பங்கு. வேலிக் கள்ளிக்கும் எருக்குக்கும் சாம்பல் பூத்த பச்சை வேண்டும், அதற்குப் பச்சையோடு சிறிது ரோஸ் சேருங்கள், நிறம் அடங்கும். செம்மண்ணுக்குப் பர்ன்ட் சியன்னா, கரிசலுக்கு அதனோடு அல்ட்ராமரின். கண்ணில் பட்ட ஒவ்வொரு பச்சையையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னத் திட்டாகத் தடவி, எதையெல்லாம் கலந்தோம் என்று எழுதி வைத்துவிடுங்கள். ஒரு வருடம் செய்தால் உங்கள் ஊர்ப் பச்சைகளின் பட்டியல் முழுதாகக் கையில் இருக்கும். கடையில் கிடைக்கும் எந்த வண்ண அட்டையும் அதற்கு ஈடாகாது. மலையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களுக்குப் பின்னால் அடுக்கடுக்காக நிற்கும் மலைகளில் தொலைவில் உள்ளது வெளிறிய நீலம். அருகே வர வரத்தான் பச்சையும் பழுப்பும் தெரியும். தொலைமலையில் தொடங்கி, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்தபின் அடுத்ததுக்கு வாருங்கள்.

13. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது விட்டுவைத்த தாள். வேடந்தாங்கலுக்குக் கார்த்திகை, மார்கழி, தையில் போனால், நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் முழுக்கக் கொக்கும் நாரையும் அரிவாள் மூக்கனும் அடைந்திருக்கும். பறவையைத் தீட்டப் போகாதீர்கள். பறவை வடிவைத் தொடாமல் விட்டு, சுற்றிலும் உள்ள இலை இருட்டைத் தீட்டுங்கள், பறவை தானே வெளியே வரும். அலகுக்கும் காலுக்கும் கடைசியில் இரண்டு தொடுகை போதும்.

14. ஏரித் தண்ணீரின் மினுக்கம், இரவு வானத்தின் நட்சத்திரம் இரண்டுக்கும் வெள்ளை மெழுகுவத்தி உதவும். தீட்டுமுன் மெழுகால் கோடோ புள்ளியோ வைத்துவிட்டு மேலே வண்ணம் ஓட்டினால் மெழுகுபட்ட இடம் நீரை ஏற்காது. ஒருமுறை வைத்த மெழுகை எடுக்க முடியாது. ஆகவே கணக்காக வையுங்கள்.

15. மாடு வரைய ஆசைப்படுபவர்கள் அசைபோட்டுப் படுத்திருக்கும் மாட்டில் தொடங்க வேண்டும். மேய்கிற மாடு நிலை மாற்றிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரே பக்கத்தில் நாலைந்து அரைகுறை உருவங்களைத் தொடங்கி வைத்துவிட்டு, மாடு எந்த நிலைக்குத் திரும்புகிறதோ அந்த உருவத்தில் கை வையுங்கள். நிறத்தையும் பார்த்தே தீட்டுங்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவந்திருக்கும், ஆறு மாதம் ஆகும்போது சாம்பலுக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்துத் தெரியும். ஒரு தொழுவத்தை இரண்டு விடுமுறைக்கு வரைந்தாலே இந்த மாற்றம் நோட்டில் வந்துவிடும். எருமையின் முதுகில் வானத்தின் நீலம் விழுவதைக் கவனியுங்கள். வெறும் கறுப்பில் அது கிடைக்காது.

16. வேலை செய்கிறவர்களை வரையுமுன் கேட்டுக்கொள்வது மரியாதை. கொங்குப் பக்கம் என்றால், "ஏனுங்க, நீங்க வேலையப் பாருங்க, நான் ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கறனுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிழலில் இடம் காட்டுவார்கள். முடித்ததும் படத்தைக் காட்டுங்கள். நாற்று நடுகிற அம்மாக்கள், கிடை போட்டிருக்கும் கீதாரி, பனையேறும் பெரியவர், இவர்கள் யாரும் படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கருவியின் பெயர், கயிற்றின் முடிச்சு, எந்தக் கையில் எதைப் பிடிப்பது என்று அவர்கள் சொல்கிற எல்லாவற்றையும் அவர்கள் வாய்ச்சொல்லிலேயே படத்தின் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு இந்த நோட்டிலேயே மிக மதிப்பான பகுதி இதுதான் என்று படுகிறது.

17. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தமிழ் மாதம், நேரம், இடம் நான்கும் கட்டாயம். அதற்குமேல் படத்தில் வராத இரண்டு மூன்று செய்திகளைச் சேருங்கள்: காற்று எந்தத் திசை, கேட்ட குரல் ஆள்காட்டியா செம்போத்தா, கிணற்றில் எத்தனை படி தண்ணீர், அன்று சந்தையில் தக்காளி என்ன விலை. "அழகான காலை" என்று எழுதினால் பிறகு படிக்கும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. "புகையிலைக் காட்டில் பனி, வடக்கே மேகம், கரிச்சான் எருமை மேல்" என்றால் அந்தக் காலை திரும்ப வரும்.

18. இலை, காய், பூ எல்லாவற்றையும் உள்ள அளவிலேயே வரையப் பழகுங்கள், தாள்மேல் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தாலும் தப்பில்லை. அளவு சுருக்கினால் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை அதே அளவுக்குச் சுருக்கி ஒரு வட்டமாகக் காட்டுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. என்பதால் யாருக்கும் கணக்குப் புரியும். ஒரே பூவைப் பல நாள் வரைவதற்குச் செங்காந்தளைச் சொல்வேன். விரியும்போது பச்சையோடிய மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு, முடிவில் முழுச் சிவப்பு. வேலியில் ஒரு கொடி இருந்தால் எல்லாப் பருவமும் ஒன்றாகக் கிடைக்கும். செடி முழுவதும் நஞ்சு, ஆகவே தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகளைப் பறிக்க விடாதீர்கள். குறிஞ்சிக்கு மட்டும் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கொருமுறை பூப்பது. 2006, 2018க்கு அடுத்து 2030.

19. முகாமில் இரவுப் படத்தை அங்கேயே வண்ணத்தில் முடிக்கப் பார்க்க வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் மஞ்சள் மறைந்துபோகும், விடிந்து பார்த்தால் வேறு படமாக இருக்கும். அல்ட்ராமரின் ஒரே வண்ணத்தில் வெளிச்சம், இருட்டு இரண்டை மட்டும் பிடியுங்கள். கூடாரம் என்ன நிறம், நிலாவைச் சுற்றி என்ன நிறம் என்று பென்சிலால் எழுதி வைத்துக் காலையில் சேருங்கள்.

காட்டுப் பகுதியில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, திருவில்லிபுத்தூர் மேகமலை ஆகிய ஐந்தும் புலிகள் காப்பகங்கள். அங்கே வனத்துறை அனுமதித்த விடுதியிலும் வழியிலும்தான் இருக்க வேண்டும். கூடாரம்தான் வேண்டும் என்றால் ஏலகிரி, மன்னவனூர் பக்கம் தனியார் தோட்டங்களில் அனுமதி கேட்டு அடிக்கலாம். எங்கானாலும் நெருப்பில் கவனம் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய தீ மலையேறச் சென்றவர்கள் பலரின் உயிரைக் கொண்டுபோனது. நீர்நிலையோரம் தனியாக உட்கார்ந்து வரைவதும் கூடாது. படத்தில் மூழ்கியிருப்பவருக்கு யானை வருவது தெரியாது. தூரிகை கழுவ மூடியுள்ள இரண்டு சிறு புட்டிகள் கொண்டுபோங்கள், ஒன்று கழுவ, ஒன்று நல்ல தண்ணீர். அழுக்குத் தண்ணீரைச் சுனையிலோ ஓடையிலோ கொட்டாமல் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

20. நோட்டு நிறைந்ததும் முதல் பக்கத்தில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தெந்த ஊர் என்று எழுதி, கேட்டறிந்த செடி, பறவை, கருவிப் பெயர்களுக்குப் பக்க எண்ணோடு ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில் வைத்து நேர்மேலிருந்து செல்போனில் படமெடுத்து, தேதியையே கோப்புப் பெயராக வையுங்கள். பூச்சி வராமலிருக்க வசம்பை மெல்லிய துணியில் முடிந்து அலமாரியில் போடலாம், தாளில் படக் கூடாது. மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி நோட்டை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு தடவை மின்விசிறிக் காற்றில் பக்கங்களை விரித்து வைத்தால் போதும்.